யார் இந்த மூவலூர் ராமாமிர்தம்? 'புதுமைப் பெண்' திட்டத்தின் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் பலருக்கும் தெரியும். கண்ணமங்கலத்தில் பட்டுத் தறி நெய்யும் வீட்டுப் பொண்ணாக இருந்தாலும் தகுதி இருந்தால் பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். ஆனால் இந்தத் திட்டத்தின் முழுப் பெயர், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். சரி, யார் இவர்?

விற்கப்பட்ட சிறுமி

1883-ல் திருவாரூரில் பிறந்தவர் ராமாமிர்தம். வீட்டில் வறுமை. சின்ன வயசிலேயே தேவதாசி ஒருவரிடம் 10 ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அவர் விற்கப்பட்டதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வளர்ந்தது மயிலாடுதுறை பக்கத்தில் இருக்கும் மூவலூரில். அந்த ஊர்ப் பெயரே கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டது.

கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணுக்கு முறையான கல்யாணம் கிடையாது. பணக்காரர்களின் தயவில்தான் பிழைப்பு. மகள் பிறந்தால் அவளுக்கும் பெரும்பாலும் அதே வழிதான்.

இந்த வலையில் ராமாமிர்தம் சிக்கவில்லை. 17 வயதில் ஒரு முதியவருக்கு அவரைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டு, தனக்குப் பாட்டும் நடனமும் கற்றுக்கொடுத்த சுயம்பு பிள்ளையை மணந்தார்.

ஊர் ஊராகப் பிரசாரம்

தான் தப்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதலில் காங்கிரஸில் இருந்தார். 1925-ல் பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதும், இவரும் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வந்தார்.

1930-ல் சென்னை சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மசோதா கொண்டுவந்தார். அவர் சட்டமன்றத்துக்குள்ளே போராட, ராமாமிர்தம் வெளியே மேடை மேடையாகப் போராடினார்.

நாவல் ஆன அனுபவம்

1936-ல் வெளியானது 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. பணக்கார மைனர்கள் எப்படி ஏமாறுகிறார்கள், அந்தத் தொழிலுக்குள் பெண்கள் எப்படித் தள்ளப்படுகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்தவரே எழுதிய நாவல் இது. ஆண்களையும் விடவில்லை, மதத்தின் பெயரால் நடந்ததையும் விடவில்லை.

55 வயதில் நடைப்பயணம்

1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து, திருச்சியில் இருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தே கிளம்பியது. ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 11 வரை 42 நாள் நடை. அதில் நடந்த ஒரே பெண் ராமாமிர்தம். அதே ஆண்டு நவம்பரில் மறியல் செய்து 6 வாரம் சிறைக்கும் போனார்.

1947-ல் சட்டம் வந்தது

கடைசியில் 1947-ல் பொட்டுக்கட்டுதல் குற்றம் என்று சட்டம் ஆனது. மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவே 17 வருஷம். அந்தப் பெண்கள் செய்துகொள்ளும் கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்று ஆனது. 1949-ல் அண்ணாவோடு திமுகவுக்கு வந்த ராமாமிர்தம், 1962 ஜூன் 27-ல் காலமானார்.

தாலிக்குத் தங்கம் டூ கல்லூரி

1989-ல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது தமிழக அரசு. பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதுவே உயர்கல்வித் திட்டமாக மாறியது. 17 வயதில் கட்டாயக் கல்யாணத்தை மறுத்தவரின் பெயரில், இப்போது அதே வயசுப் பொண்ணுங்க கல்லூரிக்குப் போகிறார்கள்.