தோத்த ஆட்டத்தைத் திறந்து பார்த்த இன்ஜினியர்

நேத்து ராத்திரி நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். ஹாஸ்டல்ல லைட்டை அணைச்சுட்டு, போர்வைக்குள்ள போனோட மூணு நிமிஷ செஸ். தோத்தீங்க. உடனே ரீமேட்ச். மறுபடியும் தோத்தீங்க. மணி ரெண்டு ஆகும்போது ரேட்டிங் பாதாளத்துல இருந்தது. அதுல ஒரு ஆட்டத்தையாவது திறந்து, எங்க கோட்டை விட்டோம்னு பாத்தீங்களா? இல்லை. நானும் பாத்ததில்லை. அதனாலதான் மிகைல் போட்வின்னிக்கைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு.

1911-ல் பிறந்தவர். அப்போ ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்துல குவோக்கலாங்கிற ஊர். அம்மா பல் டாக்டர். பையன் செஸ் கத்துக்கிட்டதே 12 வயசுல. நம்ம குகேஷ் அந்த வயசுல கிராண்ட்மாஸ்டரே ஆயிட்டார், ஞாபகம் இருக்கட்டும். ஆனா இவர் தொடங்கி ரெண்டு வருஷத்துல, 1925-ல், உலக சாம்பியன் கபாபிளாங்கா லெனின்கிராடுக்கு வந்து ஒரே நேரத்துல பல பேரோட ஆடினப்போ, அவரைத் தோற்கடிச்சவங்கள்ல ஒருத்தர் இந்த 14 வயசுப் பையன். 1931-ல் சோவியத் சாம்பியன்.

இதுல நமக்கு முக்கியமான விஷயம்: அவர் படிச்சது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், லெனின்கிராடு பாலிடெக்னிக்ல. ட்ரிபிள் ஈ மக்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். செஸ்ஸுக்காகப் படிப்பை விட்டவர் இல்லை. கடைசி வரைக்கும் இன்ஜினியராவே வேலை பார்த்தார்.

1933-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் சாலோ ஃப்ளோரோட 12 ஆட்ட மேட்ச். ஃப்ளோர் அப்போ ஐரோப்பாவின் பெரிய கை. முதல் ஆறு ஆட்டம் மாஸ்கோவில் முடிஞ்சப்போ போட்வின்னிக் ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருந்தார். நாமளா இருந்தா அந்த இடத்துல போனைத் தூக்கிப் போட்டிருப்போம். அவர் லெனின்கிராடுக்குப் போய் ஒன்பதாவது, பத்தாவது ஆட்டத்தை அடுத்தடுத்து ஜெயிச்சு மேட்ச்சை 6-6னு முடிச்சார்.

அவர் முறை என்னன்னு கேட்டா கொஞ்சம் போரடிக்கும். அதுதான் விஷயமே. ஒரு போட்டிக்கு முன்னாடி எதிராளிகளோட ஆட்டங்களைச் சேகரிச்சுப் படிப்பார். எல்லா ஓப்பனிங்கையும் மனப்பாடம் பண்ண மாட்டார், சிலதை மட்டும் எடுத்து ஆழமாத் தோண்டுவார். அப்புறம் நண்பர்களோட ரகசியமாப் பயிற்சி ஆட்டம். போட்டி தொடங்க சில நாள் இருக்கும்போது செஸ்ஸையே மூடி வெச்சுட்டு ரெஸ்ட். (பரீட்சைக்கு முந்தின ராத்திரி யூனிட் 4 தொடங்கற கூட்டம் நாம.)

பயிற்சி ஆட்டத்தையும் சும்மா ஆட மாட்டார். சிகரெட் புகை அவருக்கு ஆகாது, ஆனா அந்தக் காலத்துப் போட்டி ஹால் முழுக்கப் புகை. அதனால ரகோசின்ங்கிற நண்பரை எதிர்ல உட்கார வெச்சு, ஊதச் சொல்லி ஆடிப் பழகினார். டைம் பிரஷர் பிரச்சினை இருக்கறவங்களுக்கும் ஒரு மருந்து வெச்சிருந்தார்: பயிற்சி ஆட்டத்துல ஜெயிக்கறது தோக்கறது எல்லாம் மறந்துட்டு, கடிகாரத்தை மட்டும் கவனி, நேரத்துக்குள்ள யோசிக்கற பழக்கம் வர்ற வரைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. தன் ஆட்டங்களைத் தானே அலசி, அதை அச்சுல வெளியிடுவார். ஏன்? தப்பு இருந்தா ஊர்ல யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்க. இன்னிக்கு நமக்கு என்ஜின் ஒரு செகண்ட்ல சிவப்புக் கேள்விக்குறி போட்டுடுது. அவர் அந்தக் கேள்விக்குறியைக் கேட்டு வாங்கினார். தனியா ரூம்ல உட்கார்ந்து அலசினா நம்ம தப்பை நாமளே மன்னிச்சுடுவோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

போர் வந்தது. யூரல் பக்கம் மின்சாரத் துறையில இன்ஜினியர் வேலை. அங்கேயும் வாரத்துல சில நாள் செஸ்ஸுக்குன்னு அனுமதி கேட்டு வாங்கினார். 1948-ல் ஐந்து பேர் மோதிய போட்டியில மூணு பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சு உலக சாம்பியன்.

அடுத்த மூணு வருஷம் ஒரு போட்டியும் ஆடலை. டாக்டரேட் ஆய்வு. 1951-ல் பட்டத்தைக் காக்க பிரான்ஸ்டைன் முன்னாடி வந்து உட்கார்ந்தப்போ துரு பிடிச்சிருந்தது. ரெண்டு ஆட்டம் மீதி இருக்கும்போது ஒரு பாயிண்ட் பின்னாடி. 23-வது ஆட்டத்தை ஜெயிச்சு, 24-வதை டிரா பண்ணி, 12-12. சமன்னா பட்டம் சாம்பியனுக்கே. தப்பிச்சார்.

பெரிய அடி 1960-ல். 23 வயசு மிகைல் தால், காய்களை வாரி இறைச்சு ஆடற ஆளு, இவரை 12½-8½னு உதைச்சு அனுப்பினார். போட்வின்னிக்குக்கு 48. எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னாங்க. மனுஷன் வீட்டுக்குப் போய் அந்த 21 ஆட்டத்தையும் திறந்தார். தால் எந்த மாதிரி நிலையில பறக்கறார், எந்த மாதிரி நிலையில தடுமாறறார், தனக்கு எங்க நேரம் போச்சு, எங்க களைச்சோம். மறு வருஷம் ரீமேட்ச்ல ஆட்டத்தை தாலுக்குப் பிடிக்காத அமைதியான நிலைகளுக்கும் எண்ட்கேமுக்கும் இழுத்துட்டுப் போய் 13-8னு பட்டத்தைத் திரும்ப வாங்கினார். தாலுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது, அதையும் சொல்லணும். இருந்தாலும் 49 வயசுல, தன்னைப் பாதி வயசுப் பையன் நசுக்கின ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க ஒரு நெஞ்சு வேணும்.

1963-ல் பெட்ரோசியன்கிட்ட தோத்தார், அந்தத் தடவை ரீமேட்ச் விதியே எடுத்தாச்சு. அந்தக் காலகட்டத்துலதான் சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் தொடங்கினார். முதல் பேட்ச்ல வந்த ஒரு ஒல்லிப் பையனைப் பார்த்து, இவனுக்குச் செஸ்ஸே புரியலைன்னு முடிவு கட்டினார். பையன் பேர் கார்ப்போவ், பின்னாடி உலக சாம்பியன். கோச் சொல்றது எல்லாமே வேதம் இல்லை, பாருங்க. ஆனா அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பையன் செஞ்சான். அப்புறம் காஸ்பரோவ், அப்புறம் கிராம்னிக். 2008-ல் நம்ம ஆனந்த் ஜெயிச்சாரே, அதே கிராம்னிக்.

1970-ல் போட்டிகளை நிறுத்திட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனார். எல்லா நகர்வையும் கணக்குப் போடாம, மனுஷன் மாதிரி சிலதை மட்டும் தேர்ந்தெடுத்து யோசிக்கற புரோகிராம். பேர் பயோனியர். வருஷக்கணக்கா உழைச்சார். அது ஒழுங்கா ஒரு முழு ஆட்டம் ஆடற நிலைக்கு வரவே இல்லை. 1995 மே மாசம் மாஸ்கோவில் இறந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு டீப் புளூ, நொடிக்குக் கோடிக்கணக்குல நிலைகளைக் கணக்குப் போட்டு, அவரோட மாணவர் காஸ்பரோவைத் தோற்கடிச்சது.