காவி கட்டிய இத்தாலிக்காரர்... மதுரையில் வேதம் படித்த தத்துவ போதகர் யார்?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு தத்துவ போதகர் என்பது ஒரு மார்க் கேள்வி. ஆனால் அந்தப் பெயரில் வாழ்ந்த ராபர்ட் டி நொபிலி, சொந்த சபைக்காரர்களிடமே பல வருஷம் மல்லுக்கட்டியவர்.

1577ல் இத்தாலியில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து 1605ல் கோவா வந்தவர், அடுத்த வருஷமே நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரைக்கு வந்துவிட்டார்.

பரங்கி என்ற சிக்கல்

கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அவர் பக்கம் போகவில்லை. காரணம் சிம்பிள். மாட்டிறைச்சி, மது எனப் பழகிய பரங்கிகளை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றே மக்கள் நினைத்தார்கள்.

நொபிலி ஆளே மாறினார். காவி உடை, பாதக்குறடு, ஒருவேளை சைவச் சாப்பாடு, பிராமணச் சமையல்காரர். தான் பரங்கி இல்லை, ரோமாபுரியின் உயர்குலத்துச் சந்நியாசி என்றார். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை!

தமிழும் தெலுங்கும் கற்ற பிறகு, சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். வேதத்தை வெளியாளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்கிய காலம் அது.

குடுமி வழக்கு

மதம் மாறியவர்கள் குடுமி, பூணூல், சந்தனத்தை வைத்துக்கொள்ளலாமா? அவை மதச் சின்னம் என்று பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். இல்லை, சமூக அடையாளம்தான் என்று 1613ல் லத்தீனில் பதில் எழுதினார் நொபிலி. அதற்கு அவர் சாட்சிக்கு இழுத்தது சமஸ்கிருத நூல்களை! 1619ல் கோவாவில் கூட்டம் போட்டும் பஞ்சாயத்து முடியவில்லை. 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் நின்றார்.

இவர் தனி ஆள் இல்லை. இதே சபையின் மத்தேயோ ரிச்சி, சீன அறிஞர்களின் உடையில் கன்பூசியஸ் நூல்களைப் படித்துக்கொண்டு பெய்ஜிங்கில் வாழ்ந்து 1610ல் இறந்தார். பின்னாளில் ஐ சிங் என்ற பழைய சீன ஆரூட நூலை ஆராய்ந்த ஜோவாகிம் பூவேயும் இதே சபைக்காரர்தான்.

ஆனால் நொபிலியின் வழிக்கு ஒரு விலை இருந்தது. ஊர் வழக்கத்தை ஏற்றபோது சாதியையும் சேர்த்தே ஏற்றார். கடற்கரைப் பரவக் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி நின்றார். ஒடுக்கப்பட்ட சாதியினருக்காக 1640 வாக்கில் பண்டார சுவாமிகள் என்று தனிப் பிரிவே வந்தது. எந்தப் பாராட்டிலும் இதை மறைக்க முடியாது.

தமிழுக்கு என்ன கிடைத்தது? ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் போன்ற உரைநடை நூல்கள். அச்சில் வந்த தமிழ் உரைநடை இவருக்கு முன்பே அன்றீக்கே அடிகளாரிடம் தொடங்கிவிட்டது என்றாலும், தத்துவ விவாதத்தை உரைநடையில் இவ்வளவு விரிவாக நடத்தியவர் நொபிலி. கடவுளைக் குறிக்க சருவேசுரன் என்றார். கோவில், பூசை, குரு போன்ற சொற்களையும் கிறிஸ்தவத் தமிழுக்குள் கொண்டுவந்தார்.

1640ல் மதுரையில் சிறைவாசம். பிறகு பார்வை மங்கியது. யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டு, அங்கிருந்து மயிலாப்பூர் வந்தவர், 1656 ஜனவரி 16ல் அங்கேயே காலமானார்.