கைதியாக வந்து தளபதியான டிலனாய்

அயல்நாடுகளிலிருந்து நம் நாட்டிற்கு வந்து அதிகாரம் பெற்றோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் வெற்றியால் உயர்ந்தனர். ஆனால் தோல்வியால் உயர்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே தளபதி யூஸ்டாச்சியஸ் டிலனாய் ஆவார். அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கொச்சியில் இருந்துகொண்டு மிளகு வாணிகம் செய்து வந்தனர். 1729 முதல் திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் மார்த்தாண்ட வர்மர், அண்டை நாடுகளை வென்று அவ்வாணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவர முயன்றார். அதனால் பகை மூண்டது. 1741ஆம் ஆண்டு டச்சுப் படை குளச்சல் கடற்கரையில் வந்து இறங்கியது. அப்படையில் இருந்தவரே டிலனாய். அவர் கத்தோலிக்கர். அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் டச்சுக்காரர் தோல்வியுற்றனர். டிலனாயும் தோழர்கள் பலரும் கைதிகளாயினர்.

கைப்பட்ட பகைவனைத் தண்டிப்பது எளிது. மன்னரோ அவரிடமிருந்த திறமையைக் கண்டார். தம் காவல் வீரர் சிலருக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்குமாறு பணித்தார். டிலனாய் அதனைச் செவ்வனே செய்து மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார். நாளடைவில் படையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் வீரர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. தலைநகரான பத்மநாபபுரத்தின் அருகே உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் கருங்கல்லால் எழுந்தது. அங்கே பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகள் திருவிதாங்கூருடன் இணைந்தன. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி டச்சுக்காரரும் பணிந்தனர். கைதியாக வந்தவரை மக்கள் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்று அழைத்தனர்.

இத்தனை சிறப்புகளினும் மேலான நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோட்டைப் பணியைக் கவனித்த அரண்மனை அலுவலர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நண்பரானார். பொருள் இழப்பினால் மனம் நொந்திருந்த அவருக்கு, எல்லாம் இழந்தும் இறைவனை மறவாத யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார். அந்த ஆறுதல் மொழி நண்பரின் உள்ளத்தில் வேரூன்றியது. அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ப் பலரது பகைக்கு ஆளாகி, 1749இல் சிறைப்பட்டுச் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்தார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படையையே நடத்திய டிலனாயின் அதிகாரம் தம் நண்பரின் உயிரைக் காக்க உதவவில்லை. அதே மன்னரிடம் அவர் தொடர்ந்து பணிபுரிந்தார். அப்போது அவர் உள்ளம் எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது நம் கண்கள் கலங்குகின்றன அல்லவா?

1758இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தபின், அடுத்த மன்னரிடமும் டிலனாய் உண்மையுடன் உழைத்தார். வடக்கு எல்லையில் அவர் அமைத்த நெடுங்கோட்டை, அவர் மறைவுக்குப் பின் 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. தாம் பிறந்த நாட்டிற்குத் திரும்பாமல், ஏறத்தாழ 36 ஆண்டுகள் இம்மண்ணிற்கே உழைத்த டிலனாய், 1777 ஜூன் முதல் நாள் காலமானார். உதயகிரிக் கோட்டையினுள் இருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையில் லத்தீன் மொழியுடன் நம் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பது நமக்குப் பெருமையன்றோ?

இன்று அவ்வாலயம் கூரையின்றிச் சிதைந்து நிற்கிறது. அங்கே பீரங்கி வார்ப்பார் எவருமில்லை. ஆனால் துன்பத்தில் இருந்த நண்பரிடம் அவர் பேசிய சொல் அழியவில்லை. 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. தளபதியின் படைபலத்தைவிட அவருடைய அன்பு மொழியே நிலைத்தது எனில் மிகையாகாது.

ஆகவே அன்புத் தோழியரே! பதவி வந்தாலும் வராவிட்டாலும், துன்புறுவோரிடம் ஆறுதலாக ஒரு சொல் பேச நம் அனைவராலும் இயலும். அதனை இன்றே செய்யத் தொடங்குவோமாக!