தாழ்ச்சி என்னும் குலச்சின்னம்

'ஹூமிலித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லை நாம் தாழ்ச்சி என்கின்றோம். மண் எனப் பொருள்படும் 'ஹூமுஸ்' என்பதே அதன் வேர். மண்ணைப்போல் தாழ்ந்திருந்து பிறரைத் தாங்குவதே தாழ்ச்சியாகும்.

இத்தாலியின் பொரோமியோ பிரபு குடும்பம் இச்சொல்லைத் தன் குலச்சின்னமாகக் கொண்டிருந்தது. அக்குடும்பத்தில் 1538 இல் பிறந்தவரே புனித சார்ள்ஸ் பொரோமியோ. தாய்மாமனாரான பாப்பரசர் நான்காம் பத்திநாதர், 1560 இல் அவரைக் கர்தினாலாக உயர்த்தியபோது அவருக்கு வயது 21. செல்வமும் பதவியும் சூழ்ந்த அவ்வாழ்வில் அச்சொல் வெறும் அலங்காரமாகவே நின்றிருக்கக்கூடும்.

1576 இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. ஆளுநரும் செல்வந்தரும் வெளியேறினர். பேராயரான சார்ள்ஸோ மக்களோடு தங்கினார். நோயாளருக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். பசித்தோருக்கு உணவளிக்கக் கடன்பட்டார். மாளிகைத் திரைச்சீலைகளை ஏழைகளுக்கு ஆடையாக்கினார். கழுத்தில் கயிற்றுடன், வெறுங்காலுடன் பவனி சென்று நகருக்காக மன்றாடினார். குலச்சின்னத்திலிருந்த சொல் அன்று வாழ்வாயிற்று.

1584 இல், தமது 46 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்த அவரை, 1610 இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. நவம்பர் 4 அவரது திருவிழா.

நம் இல்லச் சுவர்களையும் இறைவார்த்தைகள் அலங்கரிக்கின்றன. அயலவர் துன்புறும் நாளில் அவை நம் கரங்களில் செயலாகின்றனவா? சிந்திப்போம்.