உயரமும் ஆழமும்: ஹோமி பாபா

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் கடந்து உதகைக்கு ஏறினால், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு காஸ்மிக் கதிர் ஆய்வகத்தைக் காணலாம். வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்களை அது இரவும் பகலும் எண்ணுகிறது. அதனை நடத்தும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை 1945இல் தோற்றுவித்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909இல் மும்பையில் பிறந்த பாபாவைப் பொறியாளராக்கி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்கு அனுப்பவே குடும்பத்தார் விரும்பினர். 1927இல் கேம்பிரிட்ஜ் சென்றவரின் மனமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றால் கணிதம் பயிலலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் மகன் அவ்வாறே தேறினார்.

பின்னர் அவர் சூரிச்சில் பவுலியிடமும் ரோமில் ஃபெர்மியிடமும் பணிபுரிந்தார். பீட்டா சிதைவு அன்றைய பெரும்புதிர். அணுக்கரு எலக்ட்ரானை உமிழும்போது ஆற்றலில் ஒரு பகுதி கணக்கில் வராமல் போயிற்று. கருவிகளுக்கு அகப்படாத நடுநிலைத் துகளொன்று அதனைக் கொண்டுசெல்வதாகப் பவுலி 1930இல் கருதினார். நியூட்ரினோ என்று அழைக்கப்பட்ட அத்துகளைக்கொண்டு ஃபெர்மி சிதைவின் கோட்பாட்டை வகுத்தார். வெளிவரும் எலக்ட்ரான்களுள் மிகுந்த ஆற்றல் உடையவற்றை நுணுகி அளந்தால் நியூட்ரினோவின் நிறை புலப்படும் என்று காட்டியவரும் அவரே. அவ்வழியிலேயே டிரிட்டியத்தின் சிதைவை அளந்த ஜெர்மானிய ஆய்வகமொன்று, அந்நிறை எலக்ட்ரானுடையதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு என அண்மையில் கண்டது.

பாபாவை ஈர்த்தவை காஸ்மிக் கதிர்கள். அவற்றிலுள்ள நிலையற்ற துகள்கள் மிகு விரைவில் செல்வதால் அவற்றின் ஆயுள் நீண்டு தோன்றும் என்று 1938இல் அவர் எழுதினார். மியூவானின் ஆயுள் ஏறத்தாழ 2.2 மைக்ரோ நொடி. அதற்குள் ஒளிகூட 660 மீட்டரே செல்லும். ஆயினும் பல கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான்கள் நம் தலைமீது விழுகின்றன!

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது போர் மூண்டது; பாபா இங்கேயே தங்கினார். இந்திய இயற்பியலுக்கு அப்போரால் விளைந்த நன்மை இஃதொன்றே எனலாம்.

அவருடைய பணிப்பின்பேரில் ஸ்ரீகண்டன் என்னும் இளைஞர், தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்துள் கருவிகளுடன் இறங்கினார். ஆழம் மிக மிக, மேலிருந்து வரும் மியூவான்களைப் பாறை தடுத்துவிடும். அங்கே பக்கவாட்டில் ஒரு மியூவான் பாய்ந்தால், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் அத்தகைய தடங்களைக் கண்டனர்.

1966 சனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் விமானம் மோதி, 56 வயதில் பாபா மறைந்தார். கோலாரில் தடம் பதித்தவற்றைப் போன்ற வளிமண்டல நியூட்ரினோக்களை ஜப்பானிய ஆய்வகமொன்று ஆராய்ந்து, அத்துகளுக்கு நிறை உண்டு என்பதற்குச் சான்று காட்டியது 1998இல்.