ரேச்சல் கார்சன்

ரேச்சல் லூயிஸ் கார்சன் (மே 27, 1907 – ஏப்ரல் 14, 1964) அமெரிக்கக் கடல் உயிரியலாளரும் எழுத்தாளரும் ஆவார். பூச்சிக்கொல்லிகளால் பறவைகளுக்கும் பிற உயிரினங்களுக்கும் விளையும் கேட்டைச் சைலண்ட் ஸ்பிரிங் (மௌன வசந்தம், 1962) என்னும் நூலின் வழியே பொதுமக்களுக்கு உணர்த்தியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1932 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935 இல் தந்தை இறந்தபின் குடும்பப் பொறுப்பை ஏற்று, அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951 இல் இவர் எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. அடுத்த ஆண்டு பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார்.

பறவைகளின் இறப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. பெருமளவில் தெளிக்கப்பட்டது. கொசு ஒழிப்பிற்காக வானூர்தியிலிருந்து இது தெளிக்கப்பட்டபின் தம் நிலத்தில் பறவைகள் மடிந்ததை மாசச்சூசெட்ஸ் மாநிலத் தோழி ஒருவர் 1958 இல் கார்சனுக்குத் தெரிவித்தார். அதன்பின் கார்சன், பல இடங்களில் சிதறிக் கிடந்த ஆய்வுகளைத் திரட்டலானார்.

அவற்றுள் ஒன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பறவையியலாளர் ஜார்ஜ் வாலசு நடத்திய ஆய்வு. எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க 1954 முதல் அங்கு டி.டி.டி. தெளிக்கப்பட்டது. உதிர்ந்த இலைகளை மண்புழுக்கள் தின்றன. வசந்த காலத்தில் அப்புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் நடுக்கமுற்று இறந்தன.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில், டி.டி.டி. போன்ற மற்றொரு நஞ்சு நீரில் மிகச் சிறிதளவே கலக்கப்பட்டது. எனினும் மிதவை உயிரிகளில் பத்து இலட்சத்திற்கு 5 பங்காகவும், மீன்களை உண்ட முக்குளிப்பான்களின் கொழுப்பில் 1600 பங்காகவும் அது செறிந்திருந்தது. ஆயிரத்திற்கும் மேலிருந்த முக்குளிப்பான் இணைகள் 1960 இல் ஏறத்தாழ முப்பதாகக் குறைந்தன.

நோயும் எதிர்ப்பும்

நூலை எழுதிக்கொண்டிருந்தபோதே, 1960 இல், கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வேதிப்பொருள் நிறுவனங்கள் இதைத் தம் நடுநிலைக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடும் எனக் கருதி நோயை மறைத்தே வைத்தார். நூல் வெளிவந்ததும் அந்நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பூச்சிக்கொல்லிகளை முற்றாகத் தடை செய்யுமாறு அவர் கோரியதாகக் கூறுவது தவறு. கண்மூடித்தனமான பயன்பாட்டையே எதிர்த்தார். 1963 மே மாதம் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலும் அவர் கருத்துக்கு வலுவூட்டியது. அடுத்த மாதம் செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார். பத்து மாதங்களில், தம் 56 ஆம் அகவையில் மறைந்தார்.

மறைவிற்குப் பின்

வல்லூறுகளும் கழுகுகளும் குஞ்சு பொரிக்காமைக்கான முக்கிய காரணம் அவர் மறைந்தபின்னரே தெளிவாகியது. பொரி வல்லூறுகளின் முட்டையோடு மெலிந்திருப்பதைப் பிரித்தானியரான டெரெக் ராட்கிளிஃப் 1967 இல் வெளியிட்டார். டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ. என்னும் பொருள், ஓட்டில் கால்சியம் படிவதைக் குறைக்கிறது. இதனால் அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்காமல் முட்டைகள் உடைந்தன.

அமெரிக்கா 1972 இல் டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அந்நாட்டுப் பொரி வல்லூறு 1999 இலும், வெண்தலைக் கழுகு 2007 இலும் நீக்கப்பட்டன. 1980 இல் கார்சனுக்கு விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கம் வழங்கப்பட்டது.