மலைநாடு தந்த ஓவிய ஆசான்

நல்லாசிரியருக்கு உவமை கூற வந்த நன்னூலார், நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை எடுத்துக் காட்டினார். அவற்றுள் மலையுவமை மலைநாட்டில் வாழும் நமக்கு எளிதில் விளங்குவதாகும். மழை பொய்த்த காலத்தும் மலையானது தன்பால் தேங்கிய நீரை அருவியாக்கிக் கீழ்நிலத்துக்கு ஈந்துகொண்டேயிருக்கும். அவ்வுவமைக்கு இலக்கியமாய் வாழ்ந்த ஓவிய ஆசான் ஒருவர், வலப்பனையிலிருந்து இராகலை வழியாக ஏறிச் சென்றால் நாம் அடையும் நுவரெலியாவோடு நெருங்கிய தொடர்பு பூண்டிருந்தார். அவரே டேவிட் பெயின்ரர். கொழும்பிலும் கண்டியிலும் கலைஞர் போற்றும் அப்பெயரை நம் தமிழ் மாணாக்கரும் அறிதல் வேண்டும்.

பெயின்ரர் 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் நாள், இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர், அன்னையார் இலங்கைச் சிங்களக் குடும்பத்தில் உதித்தவர். இருவரும் கிறித்தவத் தொண்டிலே வாழ்வைச் செலவிட்டவர்கள். இளமைக் கல்வி நீலகிரியில் உதகமண்டலத்திலும், அதன் பின் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் அமைந்தது. நுவரெலியாவில் அவர் குடும்பத்தார் ஆதரவற்ற சிறார்க்கென ஓர் இல்லம் நடத்தினர். இமயம், நீலகிரி, நம் மலைநாடு என மலைகளின் மடியிலேயே அவர் வாழ்வு வளர்ந்தது எனலாம்.

கண்டியிற் கற்ற பின்னர், இலண்டன் மாநகரத்து அரச கலைக்கழகத்தில் ஓவியம் பயிலும் வாய்ப்பு அவருக்கு உதவிச் சம்பளத்தோடு கிட்டியது. அங்குச் சிறப்புறத் தேறியதன் பயனாக இத்தாலி நாட்டுக்குச் சென்று, பழம்பெரும் ஓவியர் சுவர்களில் தீட்டிய சித்திரங்களைக் கண்ணாரக் கண்டு பயின்றார். 1925இல் இலங்கை மீண்டார். ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் வேறு புகழும் பொருளும் வந்திருக்கக் கூடும். அவரோ பிறர் நாட்டிற் கற்ற கைத்திறனைத் தம் நாட்டின் காட்சிக்கு ஆக்கினார்.

இதற்குச் சான்று கண்டித் திரித்துவக் கல்லூரி ஆலயம். பழைய கண்டி மரபில் செதுக்கிய கற்றூண்கள் தாங்கும் அவ்வாலயத்தின் சுவர்களில் 1928 முதல் 1933 வரையுள்ள காலத்தில் நான்கு பெருஞ்சித்திரங்களை அவர் தீட்டினார். நான்காவதாகிய சிலுவைக் காட்சியில் இயேசுபிரானுக்குத் தாடியில்லை. பின்புலமாய் நிற்பதும் எருசலேமின் குன்று அன்று; கண்டல் மரங்கள் வேரூன்றிய சதுப்பு நிலமே நிற்கின்றது. மேனாட்டார் வகுத்த உருவமே வேதத்தின் உருவம் என்று மயங்கியிருந்தோர்க்கு இது புதுமையாயிருந்தது. தெய்வக் கதையும் தம் மண்ணிலே நிகழலாம் என்று கண்டதே பெயின்ரரின் பெருமை. நாற்பதாண்டு கழித்து, 1968இல், கல்கிசைப் புனித தோமையர் கல்லூரி ஆலயத்தில் மறுரூபக் காட்சியைத் தீட்டியபோதும் அவர் அந்நெறியினின்று வழுவவில்லை.

ஆயினும் ஓவியர் பெயின்ரரினும் ஆசிரியர் பெயின்ரர் ஒருபடி உயர்ந்தவர் என்பது எமது கருத்து. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் அவரிடம் பயின்றோருள் ஒருவர், யாழ்ப்பாணத்துக் குருநகரில் 1933இற் பிறந்த மாற்கு. யாழ்ப்பாணத்து நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. அரசாங்க ஓவியப் பரிசோதகராய் விளங்கிய வின்சரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை 1938இல் அங்கு ஓவியக் கழகமொன்றை நிறுவியிருந்தார். அந்நிலத்துக்கு மாற்கு கொண்டு சென்றது மலையருவியின் நீர்.

மாற்குவின் ஓவியங்களைப் பெயின்ரரின் ஓவியங்களோடு ஒப்புநோக்குவோர் வியப்படைவர். ஆசிரியர் உருவத்தை உள்ளவாறு நிறுத்துபவர். மாணாக்கரோ உருவத்தை உடைத்துக் கோணங்களாகவும் கோடுகளாகவும் புதிதாய்க் கூட்டியவர். சாயலைப் பார்த்தால் இவர் அவர் மாணாக்கர் என்று கூற இயலாது. இவ்வேற்றுமையே ஆசிரியரின் வெற்றி. தம் கையைப் பிறர் கைக்கு ஒட்ட வைப்பவர் நகலை வளர்ப்பார். தம் கண்ணின் துணிவை ஊட்டுபவர் கலைஞரை வளர்ப்பார்.

மாற்குவும் அவ்வழியே சென்றார். விடுமுறைக் காலங்களில் இளைஞரைக் கூட்டி ஓவியம் பயிற்றினார், பள்ளிகளிற் கற்பித்தார். அவரைச் சிறப்பித்துத் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் மலர் 1987இல் வெளிவந்தது. பின்னர் வந்தது போரின் வறட்சி. 1995இல் யாழ்ப்பாண மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது மாற்குவும் வீட்டைத் துறந்தார். வாழ்நாளெல்லாம் வரைந்தவற்றுட் பல அழிந்தன. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆனால் மாணாக்கர் நெஞ்சில் எழுதியதை எப்போர் அழிக்கவல்லது? அவரிடம் பயின்ற தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறைக்குக் கலை பயிற்றுகின்றார். இழந்த வீடுகளையும் இடம்பெயர்ந்தோர் நினைவுகளையும் தம் படைப்புக்குப் பொருளாக்கியவரும் அவரே.

பெயின்ரர் 1975ஆம் ஆண்டு சூன் மாதம் 7ஆம் நாள் காலமானார். மாற்குவின் வீட்டுக்கு வந்த கேட்டினை அவர் கண்டாரல்லர்; தாம் விட்ட அருவி அக்கேட்டையும் கடந்து ஓடியதையும் கண்டாரல்லர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். நம் பள்ளிகளில் சித்திரப் பாடவேளை கணக்குக்கும் பிறவற்றுக்கும் இரையாவதை நாம் அறிவோம். எஞ்சிய வேளையிலும், தேயிலை மலையிற் பிறந்த சிறுவன் தான் காணாத கடலையும் தென்னையையும் புத்தகத்தைப் பார்த்து வரைகின்றான். சாளரத்துக்கு வெளியே, கொழுந்துக் கூடையைச் சுமந்து அவன் தாய் ஏறிச் செல்லும் மலை நிற்கின்றது. அச்சாளரத்தைத் திறந்து, அதனைப் பார் என்று அவனுக்குக் காட்டுதலே பெயின்ரருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.